படியேறிய முதுகுகள்

ஆவுடைநாயகம் ஐயா வீசிய ப்ரூஃப் தாள் என் மேசையில் விழவில்லை. மின்விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, எலியேசர் அண்ணனின் டீ டம்ளரைத் தட்டிவிட்டுத் தரையில் விழுந்தது. டீ மேசை முழுக்க ஓடியது.

"சிரிச்சிட்டு நிக்கான் பாரு," என்றார் ஐயா. "ஆத்துல முங்கப் போற பய இப்படியா சிரிப்பான்? மூஞ்சில அடங்காத்தனம் தெரியணும்மா. சொல்பேச்சு கேக்காத பயன்னு பாத்த ஒடனே தெரியணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எலியேசர் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் ஏறும். அவர்தான் முதலாளி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் எங்கள் அச்சகம். கீழே மிஷின், மாடியில் நானும் என் கம்ப்யூட்டரும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சர்ச் விருந்தான அசனப் பண்டிகைக்கு நோட்டீஸ் எல்லாம் என் கைவேலைதான். வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னைவிட நன்றாக வரையத் தெரியும். கோயில் கொடைவிழாக்காரர்களுக்கு அம்மன் முகத்தைவிட நன்கொடையாளர் முகம் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் சர்ச் சபைக்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கா, சிலுவையைச் சுருக்கிவிட்டுக் கமிட்டி ஆட்களின் படத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கொடுப்பேன். ஆனால் செத்துப்போன சொந்தப் பேரனின் முகத்தில் அடங்காத்தனம் வேண்டும் என்று கேட்ட ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஐயா தாலுகா ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடியில் அவருடைய பேரன் சிவகணேஷ் தாமிரபரணியில் ஆனைப் படித்துறையில் மூழ்கி இறந்துபோனான். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன். அவன் பெயரில் ஐயா ஒரு அறக்கட்டளை தொடங்கியிருந்தார். முதல் வருஷத் திதியான தலைத்திவசத்தன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, ஆற்றில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நல்ல காரியம். அதனால் நானும் ஆசையாகத்தான் தொடங்கினேன்.

தனியாக இறங்காதே. தெரியாத இடத்தில் குதிக்காதே. யாராவது மூழ்கினால் காப்பாற்ற நீ குதிக்காதே. கயிறு வீசு, துண்டு வீசு, காலிக் குடத்தைத் தூக்கிப் போடு, கத்தி ஆளைக் கூப்பிடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் வரைந்திருந்தேன். ஐயா சிவப்புப் பேனாவால் அத்தனையையும் அடித்தார். அவருக்கு ஒரே படம் போதும். பையன் படித்துறையிலிருந்து ஆற்றில் குதிக்கிறான். மேல்படியில் நின்று தாத்தா கையை உயர்த்திப் போகாதே என்கிறார். மேலே சிவகணேஷின் ஃபோட்டோ. கீழே கொட்டை எழுத்தில், "பெரியவர் சொல் மீறாதே, ஆற்றில் உயிரைத் தொலைக்காதே." அந்தப் படத்தைச் சிரித்த முகத்தோடு வரைந்த ப்ரூஃப்தான் இப்போது பறந்து விழுந்தது.

"ஐயா, இதப் பாத்தா பிள்ளைக பயப்படும். என்ன செய்யணும்னு அதுகளுக்குத் தெரியாதே," என்றேன்.

"பயப்படட்டும். பயந்தாத்தான் அடங்கும். நீ எனக்குப் பாடம் எடுக்காண்டாம். சொன்னத வரை."

எலியேசர் அண்ணன் கைக்குட்டையால் டீயை ஒற்றிக்கொண்டே, "வரைஞ்சிருவா அண்ணாச்சி, நீங்க கோவப்படாதிய," என்றார். எனக்கு அந்த நேரத்தில் ஐயாவைவிட இவர்மேல்தான் எரிச்சலாக வந்தது.

வரைந்தேன். புருவத்தை நெரித்து, உதட்டைக் கொஞ்சம் சுழித்தேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு கோட்டை மாற்றிப் போட்டால் எந்தப் பிள்ளையும் ரவுடி ஆகிவிடும். ஐயாவுக்கு ரொம்பத் திருப்தி. அதை அப்படியே அவர்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாடிப்படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏறி வந்த வேகத்திலேயே சண்டைக்கு வருகிறவள் என்று தெரிந்தது. பள்ளிக்கூட டீச்சர் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பெயர் விஜயஸ்ரீ என்று அதில் போட்டிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இத வரைஞ்சது யாரு?" ஃபோனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நாந்தான்."

"எம் பிள்ளைய நீங்க பாத்திருக்கியளா?"

அப்போதுதான் அவள் சிவகணேஷின் அம்மா என்று புரிந்தது. "இல்லக்கா," என்றேன்.

"பெறவு அவன் அடங்காதவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சொன்னதைத்தானே வரைந்தேன். "உங்க மாமனார்ட்ட போய்க் கேளுங்கக்கா. அவரு கேட்டாரு, நான் வரைஞ்சேன். எங்கிட்ட வந்து சத்தம் போட்டா என்ன செய்ய?"

என் மானிட்டரில் அந்தப் படம்தான் திறந்து கிடந்தது. அவள் பக்கத்தில் வந்து, உள்ளங்கையால் அந்தப் பையனின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுக்காமலே பேசினாள்.

"மாமாக்குக் கண்டம் இருக்குன்னு சோசியர் சொன்னாரு. குடும்பத்தோட ஆத்துல முங்கி, உடுத்துன துணிய ஆத்தோட விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வரணும். அதுதான் பரிகாரம். போனோம். மாமா, எங்க வீட்டுக்காரரு, நானு, அவன்."

இது எங்கள் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பிடித்திருக்கும் பீடை துணியோடு ஆற்றில் போய்விடும். திரும்பிப் பார்த்தால் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கே தெரியும்.

"எல்லாரும் விட்டோம். அவனும் சட்டைய விட்டான். அது போகல. படிக்கே திரும்பி ஒதுங்கிச்சு. மாமா பாத்துட்டு, 'ஏலே, எறங்கி நல்லாத் தள்ளி விட்டுட்டு வா, இல்லேன்னா பலிக்காது'ன்னாரு. எறங்குனான். சொன்னதக் கேட்டுத்தான் எறங்குனான். நாங்க ஏற ஆரம்பிச்சிட்டோம்."

அவள் பொத்திய கையை இன்னும் அழுத்தினாள்.

"அம்மான்னு கூப்ட்டான். எனக்குக் கேட்டுச்சு. நின்னேன். மாமா முன்னால போயிட்டிருக்காரு. அவரும் திரும்பாமலே சொல்லுதாரு, 'திரும்பாத. விளையாடுதான். திரும்பாத.' மேல்படியில பிள்ளையார் இருக்காருலா, அங்கன போய்த்தான் திரும்புனேன். தண்ணி சும்மா ஓடிட்டு இருந்துச்சு."

"நீச்சல் தெரியாதா அவனுக்கு?"

"தெரியும். நல்லாத் தெரியும். இடுப்பளவு தண்ணிதான். எடுத்துப் போட்டப்ப ரெண்டு காலயும் சுத்திச் சேல. எவளோ பீடைய விட்டுட்டுப் போன சேல."

ஐயாவின் மீது வந்த ஆத்திரம், ஏனோ, முதலில் இவள்மீது பாய்ந்தது. "பெத்த பிள்ள கூப்பிடுதான். நீங்க ஏன்க்கா திரும்பல?" என்று கேட்டுவிட்டேன்.

விஜயஸ்ரீ அக்கா மானிட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

"நானும் பெரியவங்க சொல்பேச்சு கேக்குதவதான," என்றாள்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆனைப் படித்துறைக்குப் போனேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. படியில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் அடியில் துணி தெரிந்தது. வேட்டி, சேலை, பாவாடை, பிள்ளைகளின் டிரவுசர். பாதி மண்ணில் புதைந்து, மீதி தண்ணீர் இழுக்கும் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. நான் இருக்கும்போதே வெளியூர்க் குடும்பம் ஒன்று வேனில் வந்து இறங்கியது. முங்கினார்கள், துணியை விட்டார்கள், ஏறினார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. கடைசியாக ஏறிய சின்னப் பெண்ணின் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. பிள்ளையார் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

கடைக்கு வந்து வேறு மாதிரி வரைந்தேன். தண்ணீருக்கு அடியில் துணிக் குவியல், அதில் மாட்டிய ஒரு சின்னக் கால். "ஆற்றில் துணியை விடாதீர்கள். துணி கிடக்கும் துறையில் பிள்ளைகளை இறக்காதீர்கள்." ஐயாவை ப்ரூஃப் பார்க்க வரச் சொன்னேன். அதே நேரத்துக்கு விஜயஸ்ரீ அக்காவையும் வரச் சொன்னேன். தற்செயல் ஒன்றும் இல்லை. மோதட்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவள் முன்னாலேயே வந்து காகித அடுக்குக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயா படத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"எவன் சொன்னான் இத வரையச் சொல்லி?"

"படித்துறைல போய்ப் பாத்தேன் ஐயா. கெடக்கது அதுதான்."

"எங்க சாங்கியத்த நக்கல் பண்ணுதியா? சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு எங்க ஆத்துல என்ன வேல?"

"அந்த ஆத்துத் தண்ணிதான் எங்க வீட்டுக் குழாயிலயும் வருது ஐயா."

"எலியேசர்!" மேசையில் ஓங்கி அடித்தார். "உம்ம கடையில பிள்ளைகள நல்லா வளத்து வச்சிருக்கீரு வே. நாளைக்கு ஊர் ஆளுகளக் கூட்டிட்டு வந்து கடை முன்னால நிக்கேன். பெறவு எவன் உமக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கான்னு பாப்போம்."

ஐயாவோடு மாடிக்கு வந்திருந்த எலியேசர் அண்ணன் முகம் வெளிறிப்போய் நின்றார். அப்போதுதான் காகித அடுக்குக்குப் பின்னாலிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

"அந்தப் பிள்ளைய ஏன் ஏசுதிய? நாந்தான் சொன்னேன், மாமா."

ஐயா ஒரு நிமிஷம் தடுமாறினார். "நீ இங்கன என்ன செய்யுத? வீட்டுக்குப் போ."

"சிவா அடங்காதவனா மாமா?"

"வீட்டுக்குப் போன்னு சொல்லுதேன்லா."

அவர் பழைய ப்ரூஃபைக் கையில் வைத்திருந்தார். அக்கா அதைப் பிடுங்கி மேசையில் விரித்தாள். "ஆத்துல குதிச்சானா அவன்? நீங்க போகாதன்னு கைய நீட்டுனியளா? எந்தப் படியில நின்னு நீட்டுனிய? காட்டுங்க. இந்தப் படத்துல தொட்டுக் காட்டுங்க."

ஐயா எலியேசர் அண்ணனைப் பார்த்தார். "பிள்ளையத் தொலச்சதுல இருந்து இவளுக்குப் புத்தி சரியில்ல," என்றார். குரலில் கோபம் குறைந்து, ஆபீஸில் மனுக்காரரைத் தள்ளிவிடும் தோரணை வந்திருந்தது. எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

"புத்தி இப்பத்தான் சரியாயிருக்கு," என்றாள் அக்கா. "சட்டையத் தள்ளச் சொன்னிய, தள்ளப் போனான். திரும்பாதன்னிய, நான் திரும்பல. எங்க ரெண்டு பேருல யாரு உங்க சொல்ல மீறுனது? கண்டம் உங்களுக்குன்னுதான மாமா சோசியர் சொன்னாரு. நீங்க தப்பிச்சிட்டிய. அதோட விட்டிருக்கலாம்லா. செத்த பிள்ள மேல பழியப் போட்டு, அத ஊரு பூரா அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

ஐயாவின் கை ஓங்கியது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது கீழே இறங்கி, என் மேசையில் இருந்த சிவகணேஷின் ஃபோட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டது.

"நோட்டீசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்றார். மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தார்.

"மாமா," என்று அக்கா கூப்பிட்டாள்.

அவர் நிற்கவில்லை.

"மாமா!" இந்த முறை கூப்பிட்டது கீழே மிஷின்காரருக்குக்கூடக் கேட்டிருக்கும். மிஷின்காரர் எட்டிப் பார்த்தார். ஐயா பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அந்த முதுகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தெருவுக்குப் போய், கூட்டத்தில் மறைந்தது.

அக்கா படிக்கட்டின் மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பாத்தியளா? இதத்தான் வரையணும்."

அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். ஆற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி. தண்ணீர்மட்டத்தில் கண் இருக்கிறது. எதிரே படிகள். படிகளில் மூன்று ஈர முதுகுகள் ஏறிப் போகின்றன. அவ்வளவுதான் படம். பையனை வரையவே இல்லை. அவன் ஃபோட்டோவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அவன் கடைசியாப் பாத்ததப் பாத்தாப் போதும்," என்றாள்.

"முன்னால போறது மாமா. துண்டு கட்டியிருந்தாரு. எடது தோள் கொஞ்சம் எறங்கினாப்ல இருக்கும் அவருக்கு. ஆமா, அப்படித்தான். பெறவு எங்க வீட்டுக்காரரு. கடைசில நான். முடி அவுந்து முதுகு பூராக் கெடந்துச்சு."

மூன்று முதுகையும் ஒரே அளவில் வரைந்திருந்தேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"என்னைய இன்னும் பெருசா வரைங்க. நாந்தான அவனுக்குக் கிட்டத்துல இருந்தேன்."

மவுஸை விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பெரிதாக்கினேன்.

நான் முதலில் வரைந்த கயிறும் துண்டும் காலிக் குடமும் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஏறின. முன்பக்கத்து வாசகம் அவளுடையது. வாத்தியாரம்மா அல்லவா, ஒரு சொல் கூடுதலாக எழுதவில்லை.

"பிள்ளைகளே, ஆற்றில் விட்ட துணியை எடுக்கவோ தள்ளவோ மறுபடி இறங்காதீர்கள். யார் சொன்னாலும் இறங்காதீர்கள். பெரியவர்களே, கரை ஏறும்போது திரும்பிப் பாருங்கள்."

எலியேசர் அண்ணனிடம் காட்டினேன். முடியாது என்றுதான் சொல்லுவார், அவரோடு ஒரு சண்டை போட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாளைக்குக் கடை முன்னால ஆளுக வந்து நின்னா என்ன செய்ய?" என்றார்.

"நிக்கட்டும்."

"உனக்கென்ன, நீ சொல்லுவ." காகித அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காகிதம் கெடக்கு. அடிச்சுக் குடு," என்றார்.

தலைத்திவசத்துக்கு முன்பே விஜயஸ்ரீ அக்கா தன் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸைக் கொடுத்துவிட்டாள். தலைத்திவசத்தன்று அந்த வீட்டார் ஆற்றுக்குப் போனபோது அவள் போகவில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர்மார் கேட்டு வாங்கிப் போனார்கள். கோயில்காரர் ஒருவர் ரோட்டில் மறித்து அவளை அசிங்கமாக ஏசினாராம். எங்கள் கடைக்கு இரண்டு பேர் வந்து சத்தம் போட்டார்கள். எலியேசர் அண்ணன் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அக்காவின் வீட்டுக்காரர் கணேஷ்ராம் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் இப்போது அடுப்பு ரெண்டு. அவள் சமைத்ததை மாமனார் தொடுவதில்லை, அவர் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காருவதில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா இன்னும் கொஞ்சம் நோட்டீஸ் வாங்கிப்போக வந்திருந்தாள். நானும் அவளும் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். மாடிப்படியில் பைய ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஆவுடைநாயகம் ஐயா. மருமகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை வீசவில்லை. விரித்து வைத்தார். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு வெளுத்துப் போயிருந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ள பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டாந்துச்சு," என்றார். "'தாத்தா, இது நீங்களா'ன்னு கேக்கா."

அவருக்காகப் பரிதாபப்பட எனக்கு மனசு வரவில்லை.

"பேரு எதுவும் போடல ஐயா," என்றேன்.

"பேரு எதுக்கு? என் தோளு எனக்குத் தெரியாதா?" குரல் ஏறியது. பழைய அதட்டல்தான். ஆனால் பாதியிலேயே அது இறங்கிவிட்டது. படத்தில் முன்னால் போகிற முதுகின்மீது விரலை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியாகப் போகிற பெரிய முதுகு வரைக்கும் கொண்டுவந்தார்.

"இதுல ஒரு ஆளாவது," என்றார். "ஒரு ஆளாவது திரும்பிப் பாக்குத மாதிரி வரையக் கூடாதா? அடுத்து அடிக்கும்போது மாத்திப் போடு. என்னையே திருப்பி வரை. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் பக்கத்திலிருந்து வந்தது. விஜயஸ்ரீ அக்கா தலையை நிமிர்த்தவில்லை, சத்தத்தை உயர்த்தவும் இல்லை.

"திரும்பலையே, மாமா."

ஐயா நோட்டீஸைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் வரைக்கும் போனார். இறங்குகிற முதல் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அடுத்த கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள்.